புல் அலமாரியில் ஒரு தும்பை

மேலணைக் காட்டுக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகம். அதன் தாவரவியல் துறையில் கோமதி என்றொரு பேராசிரியை இருந்தார். வயது முப்பத்தெட்டு. அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்த ஆவுடையம்மாளுக்கு நாற்பத்தைந்து. மாணவி ஆசிரியரை "மேடம்" என்பாள். ஆசிரியர் மாணவியை "அக்கா" என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஆவுடையம்மாள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுப்பவள். சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி வருவாள். ஆறு வருஷமாக வருகிறாள். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அறை ஒன்று அங்கே உண்டு. யாரும் தொடாத பழைய கட்டுகளைப் பிரித்து, செடியின் பெயர் பார்த்து, உரிய அலமாரியில் சேர்ப்பது அவள் வேலை.

கோமதியின் இன்னொரு மாணவி ஷெரின். சேர்ந்து இரண்டு வருஷம்தான். வயது இருபத்தைந்து. எல்லோரும் காட்டுக்குப் போன ஒருநாள், ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஊதாப்பூச் செடி ஒன்றைப் பறித்து வந்தாள். தும்பைக் குடும்பத்துச் செடி. தேடிய புத்தகங்களில் எல்லாம் அது இல்லை. புதுச் செடி என்று முடிவானது.

கண்டுபிடித்தவர் தன் பெயரையே செடிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஷெரின் ஆசிரியரின் பெயரை வைத்தாள். செடிப் பெயர்கள் லத்தீனில் முடிவதால் 'கோமதியே' என்று.

"சாமியைக் கூப்பிடுத மாதிரியில்லா இருக்கு," என்று ஆவுடையம்மாள் எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். காட்டுக்குப் போன அன்று அதே பாறையில் உட்கார்ந்துதான் அவள் இட்லி சாப்பிட்டிருந்தாள்.

அந்த மாதம் ஏழாம் தேதி, பழைய கட்டொன்றைப் பிரித்தவளின் கை அப்படியே நின்றது. பழுப்பேறிய தாளில் அதே செடி. பூ காய்ந்து காப்பிப்பொடி நிறமாகியிருந்தது. அருளப்பன் என்பவர் எழுபது வருஷத்துக்கு முன் பறித்தது என்று கீழே குறிப்பு. அன்றைக்கே அவர் அதற்கு ஒரு பெயர் வைத்து, இப்போது யாரும் புரட்டாத ஓர் இதழில் அச்சேற்றியதும் அதிலேயே இருந்தது.

அப்படியானால் ஷெரினுடைய செடி புதியதல்ல.

ஆவுடையம்மாள் சுற்றிலும் பார்த்தாள். தாளை எடுத்துப்போய்ப் புல் அலமாரியின் கீழ்த்தட்டில், எல்லாத் தாளுக்கும் அடியில் செருகினாள். அந்தத் துறையில் புல் படிப்பவர் ஒருவரும் கிடையாது. இடம் மாற்றி வைத்த தாள் எரித்த தாளுக்குச் சமம் என்று, புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். செடியைப் பற்றி ஷெரின் எழுதும் கட்டுரை அச்சாகி ஊர் முழுக்கத் தெரிந்தபின் எடுத்துக் காட்ட நினைத்தாளோ, எப்போதைக்குமாக மறைக்க நினைத்தாளோ, அவளுக்கே தெரியவில்லை.

பதினான்காம் தேதி ஷெரின் வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"எக்கா, இருபத்துமூணாம் தேதி கட்டுரை அச்சுக்குப் போகுது. பழைய கட்டெல்லாம் நீங்கதானே பிரிக்கீங்க? இந்தச் செடி எதுலயாவது இருந்துச்சா?"

"இல்லையே."

"அப்பாடா! நீங்க இல்லைன்னா இல்லைதான். உங்க கண்ணுக்குத் தப்புமா? இந்தாங்க, ஏத்தங்கா சிப்ஸ். எங்கம்ம உங்களுக்குன்னு தனியா கட்டித் தந்தாவ."

"வேண்டாம்ட்டி. பல்லு வலிக்கு."

பல்வலி ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றியவள், சாமி படத்தை நிமிர்ந்து பார்க்காமல் திரியைப் பார்த்தே கும்பிட்டு முடித்தாள்.

இருபத்தொன்றாம் தேதி. அச்சுக்கு இன்னும் இரண்டே நாள். ஆவுடையம்மாள் ஆசிரியரின் அறைக்குப் போனாள். கோமதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"நான் ஆறு வருஷமா அந்தக் காட்டுக்குப் போறேன். அவ ரெண்டு தடவை வந்திருப்பா. அவ கண்ணுக்கு மட்டும் எப்படி மேடம் அது பட்டுச்சு?"

"எது?"

"இதுவரைக்கும் யாரும் பாக்காத செடி."

"யாரும் பாக்கலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஷெரின்."

"அவளுக்கு யார் சொன்னா?"



"நான்தான் மேடம்."

"அப்ப சரி," என்று கோமதி மறுபடியும் விடைத்தாளை எடுத்தார்.

ஆவுடையம்மாள் போகவில்லை. அவர் ஒரு விடைத்தாள் திருத்தி முடிக்கும் வரைக்கும் நின்றாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போய், இரண்டு கையிலும் ஏந்தியபடி அந்தப் பழைய தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

கோமதி லென்ஸை எடுத்தார். பூவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். குறிப்பை இரண்டு தடவை படித்தார்.

"அதேதான்."

"ஆமா மேடம்."

"எங்க இருந்துச்சு?"

"புல் அலமாரியில."

"தும்பைக்கு அங்க என்ன வேலை?"

ஆவுடையம்மாள் தரையைப் பார்த்தாள்.

"ஏழாந்தேதியே பாத்துட்டேன் மேடம். வயிறு எரிஞ்சுது. உங்க பேரை வைக்கணும்னு அவளுக்குத் தோணியிருக்கு பாருங்க. நான் கண்டுபிடிச்சிருந்தா நானும் அதைத்தானே வச்சிருப்பேன்?"

கோமதி லென்ஸை மேசையில் வைத்தார்.

"இப்ப உங்க பேரும் போயிடுமே மேடம்."

"செடிக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்கேக்கா."

அவர் எழுந்து, அலமாரியிலிருந்து ஷெரினுடைய செடித் தாளை எடுத்துவந்தார். மேசை இழுப்பறையிலிருந்து விரல் நீளச் சீட்டு ஒன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

அது அந்தப் படிப்பில் ஒரு முறை. தாளில் எழுதியிருக்கும் பெயர் தவறு என்று பின்னால் ஒருவர் கண்டால், பழைய பெயரைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். செடியின் சரியான பெயர், தவறைக் கண்டவர் பெயர், கண்ட தேதி. இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். தாள் இருக்கும் வரை சீட்டும் இருக்கும்.

"எழுதுங்கக்கா."

"நீங்களே எழுதிருங்க மேடம்."

"பாத்தது நீங்கதானே?"

ஆவுடையம்மாள் பேனாவை வாங்கினாள். செடியின் பெயரை எழுதினாள். கீழே தன் பெயரை எழுதினாள். ஆறு வருஷத்தில் அந்த அறையின் தாள் ஒன்றில் அவள் பெயர் ஏறுவது அதுதான் முதல் தடவை. எழுத்து கொஞ்சம் கோணியது.

"இன்னைக்கு இருபத்தொண்ணுதானே மேடம்?"

"இன்னைக்கு இருபத்தொண்ணுதான். நீங்க பாத்தது ஏழாந்தேதி."

பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"பதினாலாந்தேதி என்கிட்ட வந்து கேட்டா மேடம். இல்லைன்னு சொன்னேன். ஏழுன்னு போட்டா..."

கோமதி ஷெரினுடைய தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஷெரின் படிப்பாளே மேடம்!"

"சாப்பிடப் போயிருக்கா. வர அரை மணி நேரம் ஆகும்," என்றார் கோமதி. "மை காய அது போதும்."