தம்பிக்கு மட்டும் போகாத போன்

"குருவே, இந்தப் போன்ல ஒரு கோளாறும் இல்ல. ஆனா கால் போக மாட்டேங்குது. இதுக்கு மேல என்னால ஆகாது."

சொன்னவர் சீடர் தங்கமாரி. வயது ஐம்பத்தெட்டு. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

குரு சகாயமேரிக்கு முப்பத்திரண்டுதான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். தங்கமாரி "குருவே" என்று கூப்பிடுவது பாதி கிண்டல். ஆனால் அவரைக் கேட்காமல் ஒரு போனைத் திறக்க மாட்டார்.

"என்னென்ன பாத்தீங்கண்ணே?"

"சிம்மைக் கழட்டி மாட்டினேன். ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தேன். ரீஸ்டார்ட் பண்ணேன். நெட்வொர்க் செட்டிங்ஸ் பூரா ரீசெட் பண்ணிட்டேன். ஊருக்கெல்லாம் போகுது. ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் ஒரு ரிங் போய்க் கட்டாகுது."

"யார் நம்பர்?"

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி பதில் சொன்னார். போன் அவருடையது.

"என் தம்பிம்மா. நிலக்கோட்டையில இருக்கான். ஞாயித்துக்கிழமை என் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? அவன் வர்றானா இல்லையான்னே தெரியல."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது, பாவம்.

"அண்ணே, உங்க போன்லருந்து அடிங்க" என்றார் சகாயமேரி.

தங்கமாரி ஸ்பீக்கரில் போட்டு அடித்தார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாயிற்று.

"ஹலோ, யாருங்க?"

தங்கமாரி பதறிப்போய் வைத்துவிட்டார்.

"அவன்தான்! அவன் குரல்தான்!" என்றார் அன்னக்கொடி. "அப்ப அவன் போன் நல்லாத்தான் இருக்கு. என் போன்லதான் என்னமோ."

தங்கமாரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனிதர்.

"அம்மா, இது கோளாறு இல்ல. உங்க தம்பி உங்கள..."

மேஜைக்கு அடியில் சகாயமேரி அவர் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

"கடைசியா எப்ப பேசினீங்கக்கா?"

"பத்திரிகை அனுப்புறதுக்கு முந்தின நாள். அதுக்கப்புறம் போகவே இல்ல."

"பத்திரிகைய எப்படி அனுப்பினீங்க?"

"போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டேன்."

"மத்தவங்களுக்கு?"

"நானும் வீட்டுக்காரரும் நேர்ல போய் வெத்தல பாக்கோட வச்சுக் கூப்பிட்டோம். தெருவுல ஒரு வீடு விடல. இவன் என் கூடப்பொறந்தவன்தானே, இவனுக்கு என்ன சம்பிரதாயம்னு..."

அன்னக்கொடி பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

தங்கமாரி தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கே மூன்று அக்காமார். செட்டிங்ஸுக்குள்ளேயே குடைந்துகொண்டிருந்ததில் இது தோன்றவே இல்லை.



"போன்லதான் சின்ன ரிப்பேர்க்கா" என்றார் சகாயமேரி. "வச்சுட்டுப் போங்க. அது வரைக்கும் சும்மா இருக்காம, வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு நிலக்கோட்டைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க. இந்த ஊர்ல வெத்தலைக்கா பஞ்சம்?"

அன்னக்கொடி எழுந்தார். போனை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் சீடர் ஆரம்பித்தார்.

"நல்லாருக்கற போனுக்கு என்ன ரிப்பேர் பண்ணப் போறீங்க?"

"சார்ஜ் போடுங்க. அது போதும்."

"தம்பி பிளாக் பண்ணிட்டான்னு உள்ளத உள்ளபடி சொன்னா என்னவாம்? பொய் எதுக்குங்கறேன்?"

"சொல்லிட்டா, அப்புறம் அத யாருண்ணே ரிப்பேர் பண்றது?"

தங்கமாரிக்கு அது பிடிபடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சார்ஜரைச் செருகினார்.

வேறு போன்கள் வந்தன, போயின. கை வேலை பார்த்தாலும் அவர் கண் மட்டும் அந்தப் போன் மேலேயே இருந்தது.

சாயங்காலம் டீ வந்த நேரத்தில் அது அடித்தது.

திரையில் "தம்பி" என்று இருந்தது.

தங்கமாரி குருவைப் பார்த்தார். குரு டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

தங்கமாரியே எடுத்தார்.

"சர்வீஸ் கடைங்களா? அன்னக்கொடி தம்பி பேசறேன்."

பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளைகள் கத்தின. அன்னக்கொடி யாரையோ அதட்டிக்கொண்டே சிரித்தார்.

"அக்கா இங்கதான் இருக்கு. சாப்பிடாம அனுப்ப மாட்டேன்னு உக்கார வச்சிருக்கேன். போன் ரெடியாயிருச்சான்னு கேக்கச் சொல்லுச்சு."

அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது.

"அண்ணே... அந்தப் போன்ல என்ன கோளாறு?"

தங்கமாரி சார்ஜரைப் பிடுங்கினார். ஒருமுறை செருமிக்கொண்டார்.

"பழைய மாடல் தம்பி. சில நேரம் அப்படித்தான் பண்ணும். இப்பத்தான் சரியாச்சு."