மரவீரனின் ஆடும் தோள்

வெகு காலத்துக்கு முன்னால், மலைகளுக்கு இன்னும் காது கேட்டுக்கொண்டிருந்த நாளில், கார்முகன் என்றொரு மாயாவி இருந்தான். அவனுக்கு ஒரே ஆசை, வீரர்களைச் சேர்ப்பது. வில்லாளியோ, மல்லனோ, வாள்காரனோ, கண்ணுக்குப் பிடித்துவிட்டால் ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதுவான். ஆள் சாண் உயர மரப்பொம்மையாகிவிடுவான். கோட்டை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வீரர்கள். கையால் தொடமாட்டான். குறட்டால் எடுத்து அடுக்குவான், தள்ளி நின்று பார்ப்பான், அவ்வளவுதான்.

ஆனால் பொம்மைகள் நிற்கவில்லை. ஆளில்லாத கூடத்தில் ஒரு முழங்கால் மடங்கும், ஒரு கழுத்து சாயும். சுவரில் காவலிருந்த வெள்ளைப் பல்லி, "விழுந்தது, விழுந்தது" என்று சொல்லும். கார்முகன் வந்து பார்ப்பான். எங்கே வைத்த பொம்மையானாலும் வாசல் பக்கம் தலைவைத்தே விழுந்து கிடக்கும்.

ஓடைப்பட்டியில் செங்கோடன் என்று ஒருவன். கட்டில் காலோ, தேர்க்குதிரையின் கழுத்தோ, ஆடுகிற மூட்டு எதுவானாலும் இறுக்கித் தருவான். நல்ல கைக்காரன், ஆனால் யார் செய்ததையும் மறக்காதவன். ஒரு மதியம் கார்முகன் ஏவிய கழுகொன்று அவனை அரக்குச் சட்டியோடு தூக்கி வந்து கூடத்தில் போட்டது.

கார்முகன் மூன்று விஷயம் சொன்னான். பொழுது சாய்வதற்குள் எல்லாம் நிற்க வேண்டும். தேறாததை அடுப்பில் போட வேண்டும். எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது, தொட்டால் தொட்ட கை மரமாகும். "முடித்தால் வீட்டுக்குப் போவாய் மூட்டுக்காரா. முடிக்காவிட்டால் அலமாரிக்குப் போவாய்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினான்.

செங்கோடன் அரக்கைச் சூடாக்கினான். மூட்டில் ஒரு குமிழ், அது உட்கார ஒரு குழி. குமிழ் தேய்ந்தால் குழியில் ஆடும். குமிழுக்கு மெல்லியதாய் அரக்கு பூசி, குழியில் மாட்டி, காயும் வரை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் விட்டால் ஒட்டி இறுகிப்போகும். வில்லாளியின் முழங்காலைக் குறட்டால் பிடித்து அசைத்தான். நின்றது. மல்லனின் இடுப்பை அசைத்தான். நின்றது. குறட்டின் வழியே ஏதோ துடிக்கிற மாதிரி இருந்தது. அவன் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு சிலம்பக்காரன். வலது தோள் கழன்று தொங்கியது. குறட்டில் பிடித்தால் வழுக்கியது. குறட்டு நுனியால் பொம்மையின் கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கையில் வட்டமாய் ஒரு கறுப்பு. தீச்சுட்ட வடு.

அந்தக் கையைச் செங்கோடனுக்குத் தெரியும். கோயில் குதிரையின் வெள்ளிக் கண்ணைத் திருடியது அவன் ஊர்ச் சிலம்பக்காரன் இருளப்பன். ஆனால் ஊர் நடுவில் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, திருடியது செங்கோடன் என்று சத்தியம் செய்ததும் அதே இருளப்பன்தான். செங்கோடனை மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றினார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்னும் பெயர் சொல்வான்.

"தேறாதா? அடுப்பா?" என்றது பல்லி.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வேறு யாருக்கும் தெரியாது. வீட்டுக்கும் போய்விடலாம்.

மர உதடு அசைந்தது. "அண்ணே, என்னைக் கேட்டா அடுப்புதான் சரி. நான் செஞ்சதுக்கு அதுகூடப் போதாது."

"உன்னை யாருடா கேட்டது?" என்றான் செங்கோடன். குமிழுக்கு அரக்கு பூசினான். குறட்டைக் கீழே வைத்தான். வெறுங்கையால் அந்தக் கையைப் பிடித்தான்.

சுண்டுவிரல் முதலில் மரத்தது. பிறகு மற்ற விரல்கள். நகம் இருந்த இடத்தில் மரக்கோடு ஓடியது. கையை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், சுற்றினான். மணிக்கட்டு வரை மரம். விட்டுவிடு, விட்டுவிடு என்றது பல்லி. முழங்கை வரை மரம். இந்தக் கை போனால் அவனுக்குச் சோறு இல்லை. மேலே தூக்கினான், கீழே இறக்கினான், சுற்றினான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது.

அரக்கு காய்ந்தது. அப்போது அந்தச் சின்ன மரக்கை அவன் விரலைத் திரும்பப் பிடித்தது. சூடாக இருந்தது.

ஒரு வழியாவது விடாமல் எந்த மந்திரமும் நிற்காது. கார்முகன் விட்டு வைத்த வழி இதுதான்: பொம்மைமேல் தீராப் பகை உள்ள ஒருவன் அதை வெறுங்கையால் பிடித்து, விடாமல் இருக்க வேண்டும்; ஒன்று மீண்டால் எல்லாம் மீளும். அப்படி ஒருத்தன் வரமாட்டான் என்று நிம்மதியாக இருந்தான்.

அலமாரிகள் வெடித்தன. வில்லாளி இறங்கினான், மல்லன் இறங்கினான், கூடம் முழுக்க மனிதர்கள். சத்தம் கேட்டுப் படியிறங்கிய கார்முகனுக்கு முதல் படியில் கால் கழன்றது, இரண்டாம் படியில் கை கழன்றது, மூன்றாம் படியில் தலை சாய்ந்தது. இத்தனை காலமும் அடுத்தவர் பலத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான். "மூட்டுக்காரா, என்னை மாட்டிவிடு" என்று தலை கேட்டது. செங்கோடன் சட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனான். அவன் கை சதையாகிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் கட்டையாகவே நின்றது.

ஊர் நடுவில் இருளப்பன் உண்மையைச் சொல்லி விழுந்து கும்பிட்டான். கழுதையைக் கொண்டுவாருங்கள் என்று ஊர் கத்தியது. "அந்தக் கழுதை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டுவிட்டுச் செங்கோடன் வீட்டுக்கு நடந்தான். திருடன் என்ற பேர் அன்றோடு போயிற்று. பகை போகவில்லை.

மழைக்காலம் வந்தால் இருளப்பனின் தோள் கழன்றுவிடும். ஆள் அனுப்புவான். முதல் மழைக்குச் செங்கோடன் போய்த் தோளைப் பிடித்து மாட்டிவிட்டு வந்தான், அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டாம் மழைக்கும் போனான், குடிக்கவில்லை. மூன்றாம் மழைக்கு இருளப்பனின் மனைவி மோர்ச் செம்பை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செங்கோடன் நெடுநேரம் செம்பைப் பார்த்தான். எடுத்துக் குடித்தான்.

"உப்பு பத்தலை" என்றான்.

இருளப்பன் அழுதுகொண்டே உப்பெடுக்க எழுந்தான். அந்த ஊரில் அன்று பெய்த மழைதான் நமக்கும் கொஞ்சம் பெய்கிறது.