காக்காய் தொடாத சோறு

ராஜா கதை என்று நினைத்து உட்காராதீர்கள். ராஜாவாக இருந்தால் காக்காய்க்குச் சோறு வைக்கக்கூட ஓர் ஆள் இருப்பான். இது தங்கள் கையாலேயே வைத்தவர்களின் கதை. காடு பெரிதாகவும் ஊர் சின்னதாகவும் இருந்த காலத்தில் நடந்தது.

மலையடிவாரத்தில், ஊரைவிட்டுத் தள்ளி, ஒற்றை வீடு. வீட்டுக்காரன் தவசி. பெண்டாட்டி இருளாயி. ஒரே மகள் பவளம், ஏழு வயது. தவசியின் அக்கா நாச்சாயியும் அவர்களோடுதான் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சோளக்காடு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. அதன் நடுவில் தவசியின் அப்பனைப் புதைத்த மேடு.

கொல்லையில், சோளத்தை ஒட்டி ஒரு கல் கிடந்தது. உலை இறங்கியதும் முதல் பிடிச் சோறு அந்தக் கல்லில்தான். காக்காய் வந்து தின்றால் செத்துப்போன அப்பனே தின்ற மாதிரி. அதற்குப் பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் வைக்கலாம்.

இருளாயி அதோடு விடமாட்டாள். கல்லைச் சுற்றிக் கம்பும் இறைப்பாள். மைனா வரும், தவிட்டுக்குருவி வரும், அணில் வரும். அவை தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காக்காய் இறங்கவில்லை.

வேப்பமரத்து உச்சியில் உட்கார்ந்து கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. கல்லில் வைத்த சோறு வெயிலில் காய்ந்தது. பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் எல்லாரும் பயந்து பயந்து ஆளுக்கு நாலு கவளம் தின்றார்கள்.

மறுநாள் நெய் ஊற்றி வைத்தார்கள். காக்காய் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பனுக்கு உயிரான கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து வைத்தார்கள். அப்போதும் இறங்கவில்லை. கருவாட்டைக் கண்டு இறங்காத காக்காயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

தவசி அக்காவிடம் ஓடினான். அப்பன் உயிரோடு இருந்தபோதே அவர் கோபத்துக்கு ஒளிந்தவன் அவன்.

"உன் பெண்டாட்டியக் கேளு தம்பி," என்றாள் நாச்சாயி. "கண்ட குருவிக்கெல்லாம் பந்தி போட்டா, பெத்த அப்பனுக்குக் கோபம் வராம என்ன செய்யும்?"

"இப்ப என்னக்கா பண்றது?"

"பேத்தி கையால புதைமேட்டுக்கே கொண்டுபோய் வைக்கணும். தனியாப் போகணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்பதான் மனசு இறங்குவாரு."

பவளத்தின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். சோற்றை இலையில் வைத்துக் கையில் கொடுத்தார்கள். பிள்ளை சோளத்தின் ஓரத்தில் போய் நின்றாள்.

சோளம் அசைந்தது. காற்று இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. சோளம் மட்டும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் அசைந்து நின்றது.

"அம்மா, உள்ள யாரோ இருக்காங்க."

"உன் தாத்தாதான். போ," என்றாள் நாச்சாயி.

பிள்ளை ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். இருளாயி ஓடிப்போய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இலைச் சோற்றையும் விடவில்லை.

"மதினி, ஒண்ணு கேக்குறேன். மாமாவுக்குக் கோபம், காக்கா வரல. சரி. அணில் ஏன் வரல?"

"அணிலப் பத்தி இப்ப யாரு பேசுனா?"

"நான் பேசுறேன். மைனா வரல. தவிட்டுக்குருவி சோளத்துக்கு மேலயே சுத்திச் சுத்திக் கத்துது. அணிலுக்கும் நம்ம மாமாவுக்கும் என்ன பகை?"

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல," என்றாள் நாச்சாயி.

 இருளாயி பிள்ளையோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். மற்ற இருவரும் திட்டிக்கொண்டே பின்னால் போனார்கள். அதே சோற்றை, அதே இலையோடு, வாசல் மண்ணில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

காக்காய் இறங்கியது. ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒரு கூட்டமே. பின்னாலேயே மைனாக்கள். அணில்கூட வந்து ஒரு பருக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"வாசல்ல திங்கிற மாமா கொல்லையில மட்டும் கோவிச்சுக்குவாரா?" என்றாள் இருளாயி. குரல் மெதுவாகத்தான் வந்தது. அவளுக்கும் விஷயம் அப்போதுதான் முழுசாக உறைத்தது. பறவைகளுக்குச் சோற்றோடு பகை இல்லை. அந்த இடத்துக்குத்தான் பயந்தன.

அந்த நேரம் கொல்லைப் பக்கமிருந்து, ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த வீட்டில் ரம்பம் கிடையாது.

நாலு பேரும் உள்ளே பாய்ந்து கதவைத் தாழிட்டார்கள். தவசி உரலைத் தள்ளி முட்டுக் கொடுத்தான். சுவரில் இருந்த புகைத்துளை வழியாகக் கொல்லையைப் பார்த்தார்கள்.

வெளிச்சம் குறையும் நேரத்தில் சோளம் விலகியது. சிறுத்தை வந்தது. வாயில் ஒரு குட்டி. கல்லைத் தாண்டி மலைப் பக்கம் போனது. திரும்பி வந்தது. இன்னொரு குட்டி. போனது. திரும்பி வந்தது. மூன்றாவது குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கல்லருகே நின்று, சோளத்தின் ஓரத்தில் பவளத்தின் சின்னக் காலடித் தடத்தை மோந்து பார்த்தது. பிறகு வீட்டைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

அப்புறம் போய்விட்டது.

குட்டிகளைத் தூக்கிவந்த திசை புதைமேட்டுத் திசை.  நாச்சாயி பிள்ளையின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விடியும்வரை விடவில்லை.

இதற்கு நீதி இதுதான்: பறவை பயந்தால் செத்தவர்கள் மேல் பழி போடாமல், அது எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று முதலில் கண்ணைத் திறந்து பாருங்கள்.