தாண்டவராயர் சாரம் ஏறிய கதை

முன்னொரு காலத்தில் மேலைக்கரை என்கிற நாட்டை உத்தமவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட ஆசைப்பட்டான் என்று சொல்லலாம். காலையில் யானை வேண்டும் என்பான், மத்தியானம் யானை எதற்கு என்பான். ஒருநாள் திடீரென்று, பக்கத்து நாட்டு ராஜா தன் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் வயிறெரிகிற மாதிரி ஒரு கோபுரம் வேண்டும் என்றான். அதுவும் தன் பிறந்த நட்சத்திர நாளுக்குள் முடிந்தாக வேண்டுமாம்!

மேற்பார்வை தாண்டவராயருக்குப் போனது. ராஜாவுக்குச் செல்லமான ஆள். அமைச்சர் பூவணரை மட்டும் அவருக்குக் கண்டாலே ஆகாது. கோபுரத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பூவணரின் ஆசனத்தில் தான் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தார்.

அவர் வேலை வாங்கிய லட்சணத்தைக் கேளுங்கள். ஆட்கள் ஏறி நின்று வேலை செய்யும் மூங்கில் சாரம் கட்டிய கயிறு வெயிலிலும் மழையிலும் நைந்து கிடந்தது. புதுக்கயிறு இல்லையா என்றால், கொட்டகையில் சுருள் சுருளாக இருந்தது. அதைத் தொடக்கூடாதாம். ராஜா வரும் நாளில் பந்தலும் தோரணமும் கட்ட வைத்திருக்கிறாராம்! யாராவது மேலிருந்து விழுந்தால் ஒரு பூசணிக்காயைச் சுற்றி உடைப்பார். "விரதம் தவறி ஏறியிருக்கிறான், அதான் கோபுரம் காவு வாங்கிவிட்டது" என்பார். மறுபடி வேலை நடக்கும்.

அப்படித்தான் கொத்தனார் காத்தான் விழுந்தான். அன்று காலையில்தான், "சாமி, மேல்தட்டுக் கயிறு நைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க" என்று கேட்டிருந்தான்.

"பயந்தாங்கொள்ளி! வீட்டில் போய் அடுப்பு ஊதேன்" என்றார் தாண்டவராயர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காத்தான் ஏறினான். மத்தியானத்துக்குள் பிணமாகக் கிடந்தான். பாவி மனுஷன், அன்றைக்கும் பூசணிக்காய்தான் உடைத்தார்.

காத்தான் பெண்சாதி சடைச்சி, கண்ணீர் காயும் முன்னே அரசவைக்கு ஓடிவந்தாள். அவள் தம்பி மொக்கையன் மறுநாள் அதே தட்டில் ஏறிக் கலசம் வைக்க வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது.

"மகாராசா! எம் புருசனைத்தான் வாரிக் குடுத்தாச்சு. இப்போ எங்கூடப் பொறந்தவன் முறை. அந்தச் சாரத்தை அவுத்துக் கட்டச் சொல்லுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்!"

ராஜா கொட்டாவி விட்டான். "தாண்டவராயரே, பூசணிக்காய் உடைத்தாயிற்றா?"

"பெரிய காயாகவே பார்த்து உடைத்தேன், மன்னா. சாரத்தில் ஒரு குறையும் இல்லை. இவள் புருஷன் ஆசாரம் கெட்டு ஏறினான், விழுந்தான். அவிழ்த்துக் கட்டினால் தங்கள் நட்சத்திரம் தாண்டிவிடும்."

செத்தவன் மேலேயே பழி! சடைச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சபையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவரவருக்கு அவரவர் பதவி.

பூவணர் எழுந்தார். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, பேச்சில் மட்டும் தேன் வழிந்தது.

"மன்னா, தாண்டவராயர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சுத்தமானவன் விழமாட்டான். அப்படியானால் கலசத்தை ஏன் மொக்கையனிடம் கொடுக்க வேண்டும்? இந்தச் சபையில் இவரைவிட ஆசாரமானவர் உண்டா? பரிவட்டம் கட்டி, மேளம் கொட்டி, இவரையே ஏற்றிவிடுவோமே!"

"பலே!" என்று கைதட்டினான் ராஜா. அவனுக்கு வேடிக்கை என்றால் போதும்.

தாண்டவராயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "மன்னா, எனக்கு முழங்கால் வலி..."

"மெதுவாக ஏறலாம். இல்லை, ஆசாரத்தில்தான் ஏதாவது குறையா? கூச்சப்படாமல் சொல்லுங்கள்" என்றார் பூவணர்.

"குறையா? எனக்கா?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் தாண்டவராயர்.

மறுநாள் ஊரே திரண்டது. மேளம் முழங்க, தாண்டவராயர் மூங்கிலில் ஒரு காலை வைத்தார். உடனே எடுத்தார்.

"இந்தக் கட்டு நைந்திருக்கிறதே! புதுக்கயிறு எடுத்து வாருங்கள்!"

"வரும். வேறு ஏதாவது உண்டா?" என்றார் பூவணர்.

பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு ஞாபகம் வருகிறது! "இரண்டாம் தட்டுப் பலகை ஆடும், அதை இறுக்குங்கள். தென்பக்கக் கால் சேற்றில் நிற்கிறது, அடியில் கல் வையுங்கள். மேலே பிடித்துக்கொள்ள ஒரு குறுக்கு மூங்கில்கூட இல்லை. அந்த மேல்தட்டுக் கயிறு, அதை முதலில் அறுத்துப் போடுங்கள்! அது அறுந்துதானே அவன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். மேளம் நின்றுவிட்டது.

"அவன் என்றால் யார், தாண்டவராயரே?" பூவணர் பேச்சில் இப்போது தேன் இல்லை. "மன்னா, ஒரு கட்டு விடாமல் இவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் கால் ஏறுகிறவரைக்கும் சொல்ல மனசு வரவில்லை."

ராஜா தாண்டவராயர் தலையில் கட்டியிருந்த பரிவட்டத்தைப் பிடுங்கி எறிந்தான். "சாரம் முழுக்கப் பிரித்துக் கட்டுங்கள். நட்சத்திரம் போனால் போகட்டும். இனிமேல் தினமும் காலையில் நீதான் முதலில் ஏறி இறங்க வேண்டும். நீ முழுசாக இறங்கின பிறகுதான் ஆட்கள் ஏறுவார்கள்!" பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவணரிடம் நீட்டினான். "என்ன புத்தி ஐயா உமக்கு!"

பூவணர் மாலையை வாங்கவில்லை. "இந்தப் புத்தி காத்தான் விழுவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும், மன்னா. நட்சத்திரத்துக்குள் முடி என்று தாங்கள் அவசரப்படுத்தியபோது நானும் சும்மாதான் இருந்தேன்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. சடைச்சி பக்கம் திரும்பி, "இப்போது திருப்திதானே, அம்மா?" என்றான்.

"எம் புருசனும் இதையேதான் சாமி சொன்னாரு. அவரு சொன்னப்போ சிரிச்சாங்க. மேல ஏற வந்த இந்த ஐயா சொன்னதும் கயிறு வந்துருச்சு. அது அன்னைக்கும் அந்தக் கொட்டகையிலதானே கெடந்துச்சு?"



சாரம் புதிதாக எழுந்தது. தாண்டவராயர் ஒவ்வொரு கட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்து ஏறி இறங்கினார். அப்புறம் மொக்கையன் ஏறிக் கலசத்தை வைத்தான். ஊர் ஆரவாரம் செய்தது. பக்கத்து நாட்டு ராஜா மொட்டைமாடிக்கு வந்தானா, பார்த்தானா என்று யாருக்கும் தெரியாது.

சடைச்சி கலசத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை தரையில் பட்ட பிறகு, காத்தான் விழுந்த இடத்தில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.