ஒரு சொட்டும் ஒழுகாத வண்டி

"இந்த எஞ்சின் என்னை மதிக்கவே மாட்டேங்குதுங்க அம்மணி."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் சென்னியப்பன் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் இருந்த வசந்தாமணியின் ஷெட்டுக்குள் நுழைந்தார். வெளியே ஒரு லாரியிலிருந்து அவருடைய கார் இறங்கிக்கொண்டிருந்தது.

வசந்தாமணி ரேஸ் வண்டிகளுக்கு எஞ்சின் வேலை செய்கிறவள். அவரைவிட இருபது வயது சின்னவள். குருவென்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? இந்தக் குருவுக்கு மூக்குத்தி இருந்தது, முழங்கை வரை கிரீஸ் இருந்தது.

"என்ன பண்ணுதுங்கய்யா?"

"எண்ணெய் ஒழுகுது. இந்தப் பக்கம் அடைச்சா அந்தப் பக்கம் ஒழுகுது. நாமக்கல்லுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. நான் கட்டின லாரி பாடிக்குள்ள மழைத்தண்ணி ஒரு சொட்டு இறங்காது. இந்த எஞ்சின்கிட்ட வந்து மானம் போகுது."

சும்மா ஜம்பம் இல்லை. வாழ்நாள் பூராவும் லாரிக்கு பாடி கட்டினவர். ஓட்டையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

கார் அரதப் பழசு. கூரையை வெட்டித் தாழ்த்தி, மூக்கை நீட்டி, உள்ளே அதைவிடப் பழைய ஒரு பெரிய எஞ்சினை உட்கார வைத்திருந்தார்கள். தெருவில் போனால் நின்று பார்க்காமல் நகர முடியாது. அவ்வளவு அழகு.

"யாருங்க கட்டினது?"

"அவன்தான்."

"எவரு?"

"பையன். மஞ்சக்காமாலையில போயிட்டான்."

"பேரு என்னங்க?"

சென்னியப்பன் காதில் விழாத மாதிரி பானட்டைத் தூக்கினார்.

"சீக்கிரம் பண்ணணுங்க அம்மணி. வீட்டுக்காரி பவானியில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. இதை ஒழுகாம பண்ணிக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினா வந்துருவா."

"அவங்க எண்ணெய் ஒழுகுதுன்னுங்களா போனாங்க?"

நல்ல கேள்வி. சென்னியப்பன் எஞ்சின் மேல் வழிந்திருந்த எண்ணெயைத் துண்டால் துடைத்தார்.

"பையன் பேரை வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேனுங்க. காதுல விழுந்தா எனக்குத் தாங்கறதில்ல. அன்னிக்கு சோறு போடறப்ப அவ வாய் தவறிச் சொல்லிட்டா. தட்டைத் தூக்கி வீசிட்டேன்."

"அப்புறம்?"

"பேரைச் சொல்ல முடியற வீட்டுல போய் இருந்துக்கறேன்னுட்டா."

வசந்தாமணி ஃபிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"வேலையை நீங்களே பண்ணுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள்.

இப்படித்தான் அவர் சிஷ்யர் ஆனார்.

அவர் எஞ்சின் இடுக்குகளை அடைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டார். ஓட்டிப் பார்த்தார். எண்ணெய் பின்பக்கம் வந்தது. பின்பக்கம் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீல் ஒன்றை மாற்றினார். முன்பக்கம் வந்தது. மனுசனுக்குக் கோபம் தலைக்கேறி ஸ்பேனரைத் தரையில் எறிந்தார்.

"பாருங்க, வேணும்னே பண்ணுது!"

வசந்தாமணி குனிந்து எஞ்சின் பக்கத்தில் ஓர் இடத்தைத் தடவினாள்.

"இங்க ஒரு குழாய் இருந்திருக்குமே?"

"இருந்துச்சுங்க. புகையும் எண்ணெயுமா கக்கிட்டே இருந்துச்சு. அறுத்து வெல்டு வெச்சு அடைச்சுட்டேன். எமனே வந்தாலும் திறக்க முடியாது."

சொல்லும்போது எவ்வளவு பெருமை!

அவள் எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றினாள். மெல்லிசான ரப்பர் கையுறை ஒன்றை அந்த வாயில் இழுத்து மாட்டினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் உறுமியது. கையுறை கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது. ஒவ்வொரு விரலாக எழுந்து நின்றது. பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தது.

"அம்மணி, வெடிச்சுரப் போகுது!"

"ரப்பர், வெடிக்கும். மூடி போட்டிருந்தா உள்ள இருக்கற புகை எங்கீங்க போகும்?"

சென்னியப்பன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கையுறை புஸ்ஸென்று தொங்கியது.

"கிடைச்ச பக்கம் சீலைத் தள்ளிக்கிட்டு வரும்" என்றார் மெதுவாக.

"சீல் மேல ஏதாவது தப்புங்களா?"

"இல்லீங்க. அது பாவம்."

மறுநாள் தன் கையால் வைத்த வெல்டை அவரே அறுத்தார். எமன் வரவில்லை, கிரைண்டரே போதுமானதாக இருந்தது. வசந்தாமணி அந்த இடத்தில் சின்னதாக ஒரு வால்வை வைத்தாள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து, கார்புரேட்டருக்குக் கீழே எஞ்சின் காற்றை இழுக்கிற இடத்தில் சேர்த்தாள். எண்ணெய் ஊற்றுகிற வாய்க்கு, நல்ல காற்று உள்ளே போகிற மாதிரி வலை வைத்த மூடி ஒன்றும் எடுத்து வைத்தாள்.

சிஷ்யருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, அந்த அழுக்குப் புகையை மறுபடி அதுக்கே குடிக்கக் குடுக்கறீங்களே. ரோட்டுல விட்டுட்டா ஆகாதுங்களா?"

"அதுகிட்டத்தானே நெருப்பு இருக்குது?"

"அதுக்கு?"

"எரிச்சுக்கும்."

அவர் எண்ணெய் வாயில் பழைய கையுறையையே மாட்டி ஸ்டார்ட் செய்தார். இந்தத் தடவை கையுறை உப்பவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்பக்கம் போயின. எஞ்சின் சத்தம்கூட இறங்கித் தாழ்ந்து வந்தது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. புகை பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். புகைதான் வெளியே வரவே இல்லையே!

வலை மூடியை மாட்டிவிட்டு, ராத்திரி வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தார். காலையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒரு சொட்டு இல்லீங்க அம்மணி! பாருங்க, ஒரு சொட்டு!"

வசந்தாமணி தாளைப் பார்க்கவில்லை. கேட் சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள்.

"இந்த ஷெட்டுல ஒரு பழக்கம் இருக்குதுங்கய்யா. வண்டியைக் கட்டினவர் பேரைச் சொல்லித்தான் கேட்டைத் திறப்போம்."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, கையிலிருந்த தாளை நாலாக மடித்தார்.

"முடியலீங்க அம்மணி."

"சரிங்க. எங்கிட்டச் சொல்ல வேண்டாம்" என்று கேட்டைத் திறந்துவிட்டாள். "பார்த்துப் போயிட்டு வாங்க."

பவானி போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டு, தங்கச்சி வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி மயிலாத்தாள் வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். இறங்கி நின்ற ஆளுக்கு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒழுகலை என்பதைக்கூடச் சொல்ல மறந்துவிட்டார்.

"யாரு வண்டிங்க இது?" என்றாள் அவள். தெரியாமலா கேட்டாள்?

"தரணி வண்டி" என்றார்.

சொன்னதுதான். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு, "நம்ம தரணி கட்டின வண்டி புள்ள, நம்ம தரணி" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.

மயிலாத்தாள் அவரைத் தேற்றவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"அழுதுக்கிட்டே ஓட்டாதீங்க" என்றாள். "அழுதுட்டு எடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்."