பதில் வராத அழைப்பு

எங்கள் ஆன்லைன் கேம் குழுவில் ஐந்து பேர். அதில் ராஜா மாதிரி இருப்பவர் கேப்டன் நவநீதன். எடுபிடி, கடைசியாகச் சேர்ந்த இசக்கி. என்றைக்கு, எத்தனை மணிக்கு ஆட்டம் என்று எல்லாருக்கும் பொதுவான போன் காலண்டரில் போட்டு அழைப்பு அனுப்புவது அவன் வேலை. அழைப்புக்குப் பதில் போடாதவன் குழுவில் இருக்கக் கூடாது என்பது கேப்டன் வைத்த சட்டம்.

எங்களில் ஒருவனான ஜெரோம் பைக் விபத்தில் இறந்த மறு மாதம், எல்லாரும் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேப்டன் அதட்டினார்.

"ஜெரோம் பேரு இன்னும் ஏன்டா கிடக்கு? எந்த அழைப்புக்கும் பதில் இல்லை. ஒண்ணு அவன்கிட்ட பதில் வாங்கு, இல்ல பேரைத் தூக்கு. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்."

"தூக்கிடுறேண்ணே," என்றான் இசக்கி. "ஆனா அவனுக்கு முன்னாடியே பதில் போடாத ஆள் ஒருத்தர் இருக்காரே."

"எவன் அவன்? முதல்ல அவனைத் தூக்கு!"

"ஜெரோம் அடக்கம் சாயங்காலம் நாலு மணின்னு இதே காலண்டர்லதாண்ணே போட்டேன். மத்தவங்க எல்லாம் வர்றோம்னு போட்டாங்க, வந்தாங்க. உங்க பதில்தான் இன்னும் வரலை."

கொஞ்ச நேரம் கழித்து இசக்கியின் போனில் ஒரு பதில் வந்து விழுந்தது. என்றோ முடிந்துபோன அந்த அடக்கத்துக்கு, 'வருகிறேன்' என்று அழுத்தியிருந்தார் கேப்டன்.