ஒழுகாதுன்னு வாதாடின கீரி

ஒரு காட்டுல எல்லாரையும் பேசியே ஜெயிச்ச கீரி ஒண்ணு, பசங்களா, ஆத்தங்கரையில தன் முதல் படகைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு முன்னால அது ஒரு முக்காலிகூட செஞ்சதில்ல.

ஆனா கட்டியே ஆகணும். ஆத்து நடுவுல மணல் திட்டுல அதோட அக்கா, கண்ணு திறக்காத மூணு குட்டியோட மாட்டிக்கிச்சு. மலைமேல மழை பிடிச்சிருச்சு. நாலு நாள்ல திட்டு முழுகிடும்.

கீரி மரத்தை விரல் அகலத்துக்கு மெல்லிசு மெல்லிசா, பட்டை பட்டையாக் கிழிச்சுது. வளைவான சட்டங்க மேல அதுங்களை ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வச்சு, இடுக்குல குங்கிலியப் பிசினை உருக்கித் தடவுச்சு. மூணாம் நாள் நிஜமாவே ஒல்லியா, நீளமா ஒரு படகு நின்னுச்சு. கீரிக்கே ஆச்சரியம்.

வேடிக்கை பாக்கக் கூட்டம் கூடுச்சு. உடும்பு மட்டும் படகைச் சுத்திச் சுத்தி வந்துச்சு.

"கீரியண்ணே, ஆத்துல இறக்குறதுக்கு முன்னாடி உள்ள நாலு குடம் தண்ணி ஊத்திப் பாருங்க. எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சிரும்."

கீரிக்குச் சுருக்குன்னுச்சு. "படகு எதுக்குடா? தண்ணி உள்ள வராம இருக்க. அதுக்குள்ள நானே தண்ணி ஊத்தணுமா? நீ குடைய விரிச்சுட்டு அதுக்கடியில நின்னுதான் குளிப்பியா?"

எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. ஒட்டு எங்கயாச்சும் விட்டிருக்கலாம்னு உடும்பு இழுத்துச்சு. கீரி விடல. மரம் நனைஞ்சா உப்பும், உப்பினா இடுக்கு தானா அடைச்சுக்கும்னுச்சு. நீ எத்தனை படகு கட்டியிருக்கேன்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்லைன்னு உடும்பு சொல்ல, அப்ப வாயை மூடுன்னு முடிச்சுது. கீரி எத்தனை கட்டியிருக்குன்னு ஒருத்தரும் கேக்கல.

உடும்பு தன் பொந்துக்குப் போயிடுச்சு.

நாலாம் நாள் காலையில படகு ஆத்துல இறங்குச்சு. பாதி தூரம்கூடப் போகல, கீரியோட பாதம் நனைஞ்சுது. மரம் இப்ப உப்பிரும், இப்ப உப்பிரும்னு சொல்லிக்கிட்டே துடுப்பு போட்டுச்சு. தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. கீரி எடுத்துச் சொல்லாத நியாயம் இல்ல. தண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. உள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு.

தூரத்துல அக்கா ஒவ்வொரு குட்டியா மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறது தெரிஞ்சுது.

கீரி திரும்புச்சு. பாதி முழுகின படகை நீந்தியே கரைக்கு இழுத்து, நேரா உடும்பு பொந்துக்குப் போச்சு.

"வந்து தண்ணி ஊத்துடா."

ரெண்டும் சேர்ந்து ஊத்துச்சுங்க. அடியில மூணு இடத்துல சொட்டுச்சு. கீரி மூணையும் அடையாளம் வச்சு, கவுத்து, துடைச்சுக் காய வச்சுது. உடும்பு பிசின் உருக்கி அந்த மூணு இடத்துலயும் தடவுச்சு.

மறுபடி போய்ச் சேந்தப்ப திட்டுல ஒரு பாய் விரிக்கிற இடந்தான் மிச்சம். அக்கா குட்டிங்களைக் கவ்விப் படகுல வச்சுட்டு, "ஏன்டா இவ்வளவு நேரம்?"னு கேட்டுச்சு.

கீரிகிட்ட அதுக்கு நாலு பதில் இருந்துச்சு. ஒண்ணையும் சொல்லாம துடுப்பைப் போட்டுச்சு.

நீதி: பேசி ஜெயிச்சா அடுத்தவன் வாயைத்தான் அடைக்கலாம், படகோட ஓட்டையை அடைக்க முடியாது.